கத்திக்கு முந்திய நேரம்

1887-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் ஹாரிஸ் ஒரு விந்தையான கட்டுரையை வெளியிட்டார். மாடு முட்டி வயிறு கிழிந்த கர்ப்பிணிகளைப் பற்றிய தொகுப்பு அது. மருத்துவ இதழ்களிலும் பழைய நூல்களிலும் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் திரட்டி, கொம்பு கிழித்த வயிற்றிலிருந்து குழந்தை வெளிவந்த நிகழ்வுகளில் எத்தனை தாய்மார் பிழைத்தனர் என்று அவர் கணக்கிட்டார். பிறகு அக்கணக்கை, நியூயார்க் நகரில் தேர்ச்சி பெற்ற மருத்துவர்கள் செய்த சிசேரியன் அறுவைகளின் கணக்கோடு அருகருகே வைத்துக் காட்டினார். மாடுகளின் கணக்கே மேலாக இருந்தது.

தொழுவத்து அழுக்குப் படிந்த கொம்பை எவரும் கழுவிவிட்டு முட்டச் செய்வதில்லை. கிழிசலும் நேர்த்தியாக இருக்காது. அப்படியிருந்தும் அந்தப் பெண்கள் ஏன் பிழைத்தார்கள்? ஹாரிஸ் கண்ட விடை எளியது. கொம்பு பட்ட பெண் அந்தக் கணம் வரை நலமாக நடமாடிக்கொண்டிருந்தவள். அறுவைமேசைக்கு வந்தவளோ இரண்டு மூன்று நாட்களாக வலியில் கிடந்தவள். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆகியிருக்கும். பல கைகள் உள்ளே புகுந்து பார்த்திருக்கும். ஆயுதம் போட்டு இழுத்தும் குழந்தை வராமல், வேறு வழியே இல்லை என்ற பின்னரே மருத்துவர் கத்தியை எடுத்திருப்பார். கத்தி படும்போது அவள் பாதி இறந்திருந்தாள். அமெரிக்காவில் அதுவரை நடந்த சிசேரியன்களை ஹாரிஸ் பல ஆண்டுகளாகத் தொகுத்து வந்தார். வலி தொடங்கிய சில மணி நேரத்துக்குள் கீறப்பட்டவர்கள் மிகுதியும் பிழைத்ததை அப்பட்டியல்கள் காட்டின. (அவற்றில் கணிசமானோர் லூசியானாவின் அடிமைப் பெண்கள். மருத்துவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. அப்பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை.)

சிசேரியனின் வரலாறு பெரும்பாலும் கத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. யார் முதலில் கீறினார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதோடு அது நின்றுவிடும். கீறுவது எக்காலத்திலும் எளிதாகவே இருந்தது. கீறிய இடம் சீழ்பிடிக்காமல், தையல் பிரியாமல், காய்ச்சல் காணாமல் ஆறுமா என்பதே கடினமான கேள்வி. அக்கேள்விக்குக் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் கிடைத்த விடைகளில் வலுவானவை பலவும், ஹாரிஸின் விடையைப் போலவே, கத்தி படுவதற்கு முந்திய நேரத்தைப் பற்றியவை. இந்தியாவில் இன்று நிலவும் பழக்கமோ கத்தி பட்டதற்குப் பிந்திய நாட்களின் மேல்தான் தன் நம்பிக்கையைப் பெரிதும் வைத்திருக்கிறது.

பண்டைய நூல்களில் இக்கேள்வியே எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கர்ப்பிணி திடீரென இறந்துபோய் வயிற்றில் அசைவு தெரிந்தால் உடனே கீறிக் குழந்தையை எடுக்க வேண்டும் என்கிறது சுசுருத சங்கிதை. இறந்த தாயின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்த பின்னரே அவளைப் புதைக்க வேண்டும் என்பது ரோமானியச் சட்டம். நஞ்சு கலந்த உணவை உண்டு இறந்த அரசியின் வயிற்றிலிருந்து சாணக்கியர் பிந்துசாரனை எடுத்ததாக 12-ஆம் நூற்றாண்டுச் சமண ஆசிரியர் ஹேமசந்திரர் எழுதினார். இவை எல்லாவற்றிலும் தாய் ஏற்கெனவே இறந்தவள். இறந்தவளின் வயிற்றில் ரணம் ஆற வேண்டியதில்லை. உயிரோடிருக்கும் தாயின் வயிற்றில் இறந்துவிட்ட கருவைப் பற்றிப் பேசும் இடத்தில்தான் சுசுருதத்தின் குரல் மாறுகிறது. அதை ஒரு முகூர்த்த நேரம்கூட விட்டுவைக்கலாகாது, விட்டுவைத்தால் தாயும் மாள்வாள் என்று அது எச்சரிக்கிறது. காலத்தாழ்வே கொல்லும் என்ற அறிவு அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே சொல்லப்படும் வழி கருவைச் சிதைத்து வெளியே எடுப்பது. தாயின் வயிற்றைக் கீறுவது அன்று.

உயிரோடு இருக்கும் பெண்ணின் வயிற்றைக் கீறலாம், அவள் பிழைப்பாள் என்று முதலில் விரிவாக வாதிட்டவர் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா ரூசே. அவருடைய நூல் 1581-இல் வெளிவந்தது. அந்த அறுவையில் ரணம் ஒன்றல்ல, இரண்டு: வயிற்றுச் சுவரில் ஒன்று, கருப்பையில் ஒன்று. வயிற்றுச் சுவரைத் தைத்தார்கள், கருப்பையைத் தைக்கவில்லை. அது தானாகவே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று ரூசே நம்பினார். அடுத்த மூன்று நூற்றாண்டுகள் மருத்துவ உலகமும் பெரும்பாலும் அப்படியே நம்பியது. தைத்தால் அந்த நூலைப் பிறகு எப்படி எடுப்பது என்ற ஐயமும் இருந்தது. விளைவு, தைக்காத கருப்பையின் வாயிலிருந்து குருதியும் அழுக்கும் வயிற்றறைக்குள் கசிந்தன. பெண்கள் முதல் நாளில் குருதி வடிந்து இறந்தார்கள், அல்லது நான்காம் ஐந்தாம் நாளில் வயிறு வீங்கி, காய்ச்சலில் இறந்தார்கள். 1787-க்கும் 1876-க்கும் இடைப்பட்ட காலத்தில் பாரிசு நகரில் சிசேரியனுக்கு உள்ளான தாய் ஒருத்திகூடப் பிழைக்கவில்லை என்று பிரெஞ்சு மருத்துவர்களே குறித்திருக்கிறார்கள். மருத்துவத்தின் தலைநகரம் என்று பேர்பெற்றிருந்த ஊர் அது.

பிழைத்தவர்களின் கதைகள் பெரும்பாலும் நகரங்களுக்கு வெளியிலிருந்தே வருகின்றன. 1738-இல் அயர்லாந்தில் ஆலிஸ் ஓநீல் என்ற பெண் பன்னிரண்டு நாட்கள் வலியில் கிடந்த பின், எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சி மேரி டொனலி சவரக்கத்தியால் அவள் வயிற்றைக் கீறிக் குழந்தையையும் நஞ்சையும் எடுத்தாள். ஒருவர் ஒரு மைல் ஓடிப் பட்டுநூலும் தையற்காரரின் ஊசியும் கொண்டுவரும்வரை ரணத்தின் இரு விளிம்புகளையும் தன் கையாலேயே சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தைத்து, முட்டை வெண்கருவைப் பூசிக் கட்டினாள். 27-ஆம் நாள் ஆலிஸ் எழுந்து நடந்தாள். ஹாரிஸின் விதிக்கு இது முற்றிலும் எதிரான நிகழ்வு. பன்னிரண்டு நாள் வலிக்குப் பின் ஒருத்தி பிழைத்தாள் என்பதாலேயே அது அச்சேறியது. இறந்தவர்களைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றியிருக்காது. மருத்துவ வரலாற்று ஆவணங்களைப் படிக்கும் மாணவர்கள் இந்தச் சாய்வை எப்போதும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ராபர்ட் ஃபெல்கின் என்ற பிரித்தானியர் 1879-இல் இன்றைய உகாண்டாவின் புன்யோரோ பகுதியில் கண்டதாக எழுதியதும் அத்தகைய ஒற்றைச் சாட்சிதான். ஆனாலும் அதன் வரிசை கவனத்துக்குரியது. ஏறத்தாழ இருபது வயதுப் பெண், முதற்பேறு. அவளுக்கு வாழைப்பழ மதுவைக் கொடுத்துப் பாதி மயக்கத்தில் கிடத்தினார்கள். அறுவை செய்பவர் அதே மதுவால் முதலில் தம் கைகளையும் அவள் வயிற்றையும் கழுவினார். பிறகு நீரால் கழுவினார். பிறகே கத்தியை எடுத்தார். குருதி கசிந்த இடங்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொட்டு அடைத்தார். கருப்பையைத் தைக்காமல் அழுத்திப் பிசைந்து சுருங்கச் செய்தார். மெருகேற்றிய ஏழு மெல்லிய இரும்பு ஊசிகளால் வயிற்றை மூடி, மரப்பட்டை நாரால் கட்டி, வேர்களை மென்று செய்த பசையைப் பூசினார். மூன்றாம் நாள் தொடங்கி ஆறாம் நாளுக்குள் ஊசிகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. பதினோராம் நாள் ரணம் முழுதும் ஆறியிருந்தது என்கிறார் ஃபெல்கின். கட்டுரை 1884-இல் எடின்பரோவின் மருத்துவ இதழில் வந்தது. அவர் பார்த்ததை முழுமையாக நம்பலாமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நம்பினால், கீறுவதற்கு முன் கையையும் தோலையும் மதுவால் கழுவும் வழக்கம், ஐரோப்பியப் பெரு மருத்துவமனைகள் பலவும் அதை ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஆப்பிரிக்கச் சிற்றூரில் முறைப்படி நடந்துகொண்டிருந்தது.

ஐரோப்பாவில் அந்தத் தயக்கம் நீளமானது. 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணவறையிலிருந்து நேராகப் பேற்றறைக்கு வரும் மாணவர்களின் கைகளைக் குளோரின் கலந்த சுண்ண நீரில் கழுவச் செய்தார். பிரசவக் காய்ச்சலால் நிகழ்ந்த சாவுகள் சட்டென்று வீழ்ந்தன. அவர் சொன்னதை அக்காலப் பேராசிரியர்கள் ஏற்கவில்லை. மருத்துவரின் கையே நோயைக் கொண்டுவருகிறது என்பது விழுங்கக் கடினமான செய்தி. 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமில முறையை வெளியிட்டபின் நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. ஆனால் கிருமிநாசினி மட்டும் சிசேரியனைக் காப்பாற்றிவிடவில்லை. தைக்காத கருப்பை அப்படியே இருந்தது. 1876 மே மாதத்தில் இத்தாலியின் பவியா நகரில் எதுவார்தோ பொர்ரோ ஒரு கொடிய வழியைக் கண்டார். குழந்தையை எடுத்ததும் கருப்பையையே அறுத்து நீக்கிவிட்டு, எஞ்சிய அடித்தண்டை வயிற்று ரணத்தின் கீழ்முனையோடு சேர்த்துத் தைத்தார். சீழ் வந்தால் வெளியே வரட்டும், உள்ளே போகாதிருக்கட்டும் என்பது அதன் தருக்கம். தாய் பிழைத்தாள், மறுபடி கருவுறும் வாய்ப்பு முற்றாக முடிந்துபோயிற்று. 1882-இல் லைப்சிக்கில் மாக்ஸ் சேங்கர், கருப்பையை அறுத்தெறியத் தேவையில்லை, வெள்ளிக் கம்பியாலும் பட்டுநூலாலும் அடுக்கடுக்காகத் தைத்தால் போதும் என்று விளக்கி எழுதினார். மூன்று நூற்றாண்டுப் பிடிவாதம் அத்தோடு முடிந்தது.

சேங்கரின் தையலும் லிஸ்டரின் தூய்மையும் கிளாஸ்கோவில் ஒன்றுசேர்ந்தன. அந்தத் தொழில் நகரத்தின் புகை மண்டிய சந்துகளில் வெயில் படாமல் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ரிக்கெட்ஸ் நோயால் இடுப்பெலும்பு வளைந்திருந்தது. அவர்கள் வளர்ந்து கருவுற்றபோது குழந்தை வெளிவர வழி இல்லை. 1888-இல் மர்டோக் கேமரன் அத்தகைய ஒரு குள்ளமான பெண்ணுக்குச் சிசேரியன் செய்து தாயையும் சேயையும் காப்பாற்றினார். தொடர்ந்து பலரைக் காப்பாற்றினார். இடுப்பு குறுகியிருப்பதை முன்னரே அளந்து அறிந்திருந்தால், வலி தொடங்கும் நேரத்திலேயே அறுவை செய்யலாம். ஹாரிஸ் சொன்ன அதே கணக்கு.

வெயில் இன்மையால் சிசேரியன் தேவைப்பட்ட இன்னொரு நிலம் இந்தியாவின் வடக்கே இருந்தது. ஸ்ரீநகரில் பணியாற்றிய கேத்லீன் வாகன், பர்தா முறையில் இருண்ட அறைகளுக்குள் அடைபட்ட பெண்களின் இடுப்பெலும்பு மெழுகைப் போல நெகிழ்ந்து குறுகிவிடுவதைத் தொடர்ந்து பதிவு செய்தார். ஆஸ்டியோமலேசியா என்னும் எலும்பு மென்மை நோய் அது. திறந்த வெளியில் வேலை செய்த படகுக்காரப் பெண்கள் அதே பள்ளத்தாக்கில் எளிதாகப் பெற்றெடுத்தார்கள். பர்தா முறைக்கும் தாய்மைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அவருடைய நூல் 1928-இல் வெளிவந்தது. காங்ரா பள்ளத்தாக்கிலும் அந்நோய் விரிவாக ஆராயப்பட்டது. இளவயதில் முதற்பிள்ளையை இயல்பாகப் பெற்றவள் மூன்றாவது நான்காவது பேற்றில் முழுதும் அடைபட்டுப் போவாள். ஒவ்வொரு கருவும் ஒவ்வொரு முலையூட்டற் காலமும் எலும்பிலிருந்து மேலும் சுண்ணத்தை எடுத்துக்கொண்டிருக்கும்.

கிளாஸ்கோவுக்கும் காஷ்மீருக்கும் இடையிலிருந்த வேறுபாடு தொலைவுதான். 1885-இல் தொடங்கிய டஃப்ரின் நிதியின் மகளிர் மருத்துவமனைகளுக்கும் மிஷன் மருத்துவமனைகளுக்கும் கர்ப்பிணிகள் முதலில் வருவதில்லை. 'தாயி' எனப்பட்ட மருத்துவச்சி முதலில் முயல்வாள். பிறகு உறவினர் கூடிப் பேசுவார்கள். பிறகே மாட்டுவண்டியோ டோலியோ. அங்கு பணியாற்றிய பெண் மருத்துவர்களின் எழுத்துகளில் தாயிகளின் மேல் கசப்பு நிறைந்திருப்பதை எவரும் காணலாம். அக்கசப்பில் நியாயம் உண்டு. கழுவாத கைகள் உள்ளே சென்றதன் விளைவை அவர்கள்தாம் கண்ணெதிரே பார்த்தார்கள். ஆனால் வியன்னாவின் பேற்றறையில் தாயி எவளும் இருக்கவில்லை. அங்கே கழுவாத கை பேராசிரியருடையது. இந்தியப் பெண்ணின் பிரசவக் காய்ச்சலுக்கு அவளுடைய சமூகப் பழக்கத்தையும் ஐரோப்பியப் பெண்ணின் காய்ச்சலுக்குக் கிருமியையும் காரணமாகக் காட்டும் இரட்டை நடை அக்கால எழுத்தில் பரவலாக உண்டு. வழி தொலைவாக இருந்ததும், மருத்துவமனைகள் மிகக் குறைவாக இருந்ததும், பெண்ணை ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கியதும் சேர்ந்துதான் அந்த இரண்டு மூன்று நாட்களை உண்டாக்கின.

அவ்வாறு தாமதமாக வந்தவளுக்கு என்ன செய்வது என்பது உண்மையான தரும சங்கடம். கீறினால் கருப்பையில் ஏற்கெனவே குடியேறியிருந்த கிருமிகள் வயிற்றறைக்குள் பாயும், தாய் சாவாள். ஆகவே, குழந்தை உயிரோடிருந்தாலும் தலையைத் துளைத்து நொறுக்கி வெளியே இழுப்பதே பல இடங்களில் நடைமுறையாயிற்று. நேரத்தோடு வந்தவளுக்கு மட்டுமே சிசேரியன் பாதுகாப்பானது. திருவனந்தபுரம் தைக்காட்டு மகளிர் மருத்துவமனையில் மேரி புன்னன் லூக்கோஸ் 1920-இல் செய்த அறுவை கேரளத்தின் முதல் சிசேரியனாகக் குறிக்கப்படுகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வந்தவர் அவர். அவருடைய பிற்காலப் பணிகளில் உள்ளூர் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளித்தது முக்கியமானது. அறுவைமேசையில் தொடங்கியவர் அங்கேயே நில்லாமல், பெண் அந்த மேசைக்கு வருவதற்கு முந்திய நாட்களை நோக்கி நகர்ந்தார் என்பதை அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் போதுமான அளவு கவனிப்பதில்லை.

தாமதமாக வந்தவளையும் கீறிக் காப்பாற்ற வழி தேடியதன் பயனாகவே இன்று நாம் காணும் அறுவை உருவாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஜெர்மானிய, ஆஸ்திரிய மருத்துவர்கள் வயிற்றறை உறையைத் திறக்காமலேயே, சிறுநீர்ப்பையை ஒதுக்கிக் கருப்பையின் கீழ்ப்பகுதியை அடையும் வழியை முயன்றார்கள். அது கடினமானது, சிறுநீர்ப்பை அடிக்கடி கிழிந்தது. அதன் எளிய வடிவம்தான் 1920-களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர் வற்புறுத்திய கீழ்ப்பகுதிக் குறுக்குக் கீறல். பழைய முறையில் கருப்பையின் தடித்த மேற்பகுதி நெடுக்காகக் கீறப்பட்டது. பேற்றுக்குப் பின் அப்பகுதி சுருங்கியும் தளர்ந்தும் கொண்டிருக்கும்; தையல் இறுகி நிற்காது; ரணத்துக்கு ஓய்வே இல்லை. கீழ்ப்பகுதியோ மெல்லியது, அசையாமல் கிடப்பது. மேலே சிறுநீர்ப்பையின் உறையை இழுத்துப் போர்த்தி வயிற்றறையிலிருந்து மறைத்துவிடலாம். அடுத்த கருவில் தழும்பு வெடிப்பது குறைந்ததும் இதனால்தான். மூத்த மருத்துவர்கள் பல்லாண்டுகள் எதிர்த்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு மருந்துகள் வந்தன. 1936-இல் லண்டனின் குயின் ஷார்லட் மருத்துவமனையில் லெனார்ட் கோல்புரூக் புரோன்டோசில் என்ற சல்ஃபா மருந்தால் பிரசவக் காய்ச்சலின் சாவுகள் குறைந்ததை வெளியிட்டார். போருக்குப் பின் பெனிசிலின் பரவியது. இந்தியாவில் புனே அருகே பிம்ப்ரியில் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியோடு அரசு நிறுவிய ஆலை 1955-இல் அதை உற்பத்தி செய்யத் தொடங்கியது. நோய் வந்தபின் தீர்க்கும் மருந்தை, நோய் வராமலிருக்கவும் கொடுக்கலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. எப்போது கொடுப்பது என்று மட்டும் எவரும் சரியாகக் கேட்கவில்லை.

கேட்டவர் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, நுண்ணுயிர்க்கொல்லியை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி புகுவதற்கு முன்பே மருந்து திசுவில் இருந்தால் புண் மிகச் சிறிதாக இருந்தது. தாமதிக்கத் தாமதிக்கப் பயன் குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்தபின் கொடுத்த மருந்தும் கொடுக்காத மருந்தும் ஒன்றுதான். 1961-இல் வெளிவந்த இந்த ஆய்வு பொது அறுவையின் போக்கையே மாற்றியது. மகப்பேற்றுத் துறை மட்டும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு விலகி நின்றது. தாய்க்குக் கொடுப்பது குழந்தைக்கும் போகும், பிறந்த சேயின் நோய்க்குறிகளை அது மறைத்துவிடும் என்ற அச்சத்தால், தொப்புள்கொடியைக் கவ்வியால் இறுக்கிய பிறகே ஊசி போட வேண்டும் என்பது விதியாயிற்று. அச்சம் அடிப்படையற்றதன்று, ஆனால் அதன் விலையைத் தாயின் வயிறு கொடுத்தது. 2007-ஐ ஒட்டி வந்த சோதனைகள், கீறலுக்கு முன் கொடுத்தால் தாயின் தொற்று குறைகிறது, சேய்க்குத் தீங்கு கூடுவதாகத் தெரியவில்லை என்று காட்டின. 2010-ஐ அடுத்த ஆண்டுகளில் வழிகாட்டுதல்கள் மாறின. இன்று ஏற்கப்பட்ட முறை, கீறலுக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு வேளை மருந்து. சிக்கலற்ற அறுவையில் அதற்குமேல் தொடர வேண்டியதில்லை.

2016-இல் அமெரிக்காவின் 14 மருத்துவமனைகளில் 2,013 பெண்களிடம் நடந்த ஆய்வொன்றை ஹாரிஸ் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். முன்கூட்டித் திட்டமிட்ட சிசேரியன்களை அது எடுத்துக்கொள்ளவில்லை. வலி கண்டபின்போ பனிக்குடம் உடைந்தபின்போ அறுவைக்கு வந்தவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. வழக்கமான மருந்தோடு அசித்ரோமைசினும் கீறலுக்கு முன் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 2.4 விழுக்காட்டினருக்கு ரணத்தொற்று கண்டது, சேர்க்காதவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கு. அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், கீறலுக்கு முன் தோலை அயோடின் கலந்த ஆல்கஹாலுக்குப் பதில் குளோரெக்சிடின் கலந்த ஆல்கஹாலால் துடைத்தபோது தொற்று 7.3-இலிருந்து 4.0 விழுக்காடாகக் குறைந்தது. தோலைச் சவரம் செய்வதே தீங்கு, நுண்ணிய கீறல்களில் கிருமி தங்கும், தேவையென்றால் மயிரைக் கத்தரித்தால் போதும் என்பது அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்த செய்தி. பல மருத்துவமனைகளில் சவரக்கத்தி இன்னும் ஓய்வு பெறவில்லை.

இதற்கு மாறாக, கீறிய பின் செய்யும் நுட்பங்களில் பலவற்றின் பயன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 15,935 பெண்களை உள்ளடக்கிய கரோனிஸ் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கருப்பையை வெளியே எடுத்துத் தைப்பதா உள்ளேயே தைப்பதா, ஓரடுக்கா ஈரடுக்கா, வயிற்றறை உறையை மூடுவதா விடுவதா, பழைய கேட்கட் நூலா புதிய செயற்கை நூலா என்று ஒவ்வோர் ஆசிரியரும் தம் மாணவரிடம் அடித்துச் சொல்லிவந்த வேறுபாடுகளை அது சோதித்தது. முதன்மை விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேற்றுமை எதுவும் தென்படவில்லை. பருத்த உடலினருக்கு ரணத்தின்மேல் விலையுயர்ந்த உறிஞ்சு கட்டுப் போடுவதும் 2020-இல் வெளிவந்த பெரிய சோதனையில் தொற்றைக் குறைக்கவில்லை. தையலில் தேறியவை சில உண்டு. தோலடிக் கொழுப்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதைத் தனியே தைத்து இடைவெளியை அடைப்பது ரணம் பிரிவதைக் குறைக்கிறது. தோலை உலோகக் கவ்விகளால் மூடுவதைவிட நூலால் தைப்பது மேல். இரண்டும் பெரிய செலவில்லாதவை.

இந்தியாவில் இன்று இது சிலருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2005-06-இல் 8.5 விழுக்காடாக இருந்த சிசேரியன் பேறுகள் 2019-21-இல் 21.5 விழுக்காடாயின, தனியார் மருத்துவமனைகளில் 47.4, அரசு மருத்துவமனைகளில் 14.3. இந்த இரு எண்களுக்குள் இருவகைப் பெண்கள் இருக்கிறார்கள். நாள் குறித்து, வலி தொடங்கும் முன்பே, அறுவை தேவையா என்ற கேள்வி கேட்கப்படாமலேயே மேசைக்கு வருபவள் ஒருத்தி; ஊர்ப்புற நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும் அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கும் அனுப்பப்பட்டு, ஒவ்வோர் இடத்திலும் உள்ளே கை வைத்துச் சோதிக்கப்பட்டு, பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆனபின் வருபவள் மற்றொருத்தி. அதே ஆய்வில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் குருதிச்சோகையோடு இருந்தனர். குருதி குன்றிய உடலில் ரணம் மெல்ல ஆறும். இவ்விருவருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதப்படுகிறது: ஐந்து நாளோ ஏழு நாளோ நுண்ணுயிர்க்கொல்லி. நெரிசல் மிகுந்த கூடத்தை நம்பமுடியாத மருத்துவர் அதை ஒரு காப்பாக எழுதுகிறார் என்பது புரிகிறது. ஆயினும் பர்க்கின் கினிப்பன்றிகள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு விடை சொல்லிவிட்டன. நான்காம் நாள் மாத்திரை கீறல் நேரத்துக் கிருமியைத் தொடுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்க மட்டும் உதவுகிறது. ரணம் பிரிந்தால் குளித்தாள், பத்தியம் மீறினாள், சீக்கிரம் எழுந்து நடந்தாள் என்று பழி அவள் மேலேயே விழுகிறது. கீறலுக்கு எத்தனை நிமிடம் முன்னால் ஊசி போடப்பட்டது என்று அவளுடைய வீட்டார் எவரும் கேட்பதில்லை. கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

சீழ் பெரும்பாலும் தெரியவருவது வீட்டில்தான். அறுவை ரணத்தின் தொற்றை 30 நாள் வரை கணக்கில் கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரையறை. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டம் சிசேரியன் ஆன தாய்க்கு மருத்துவமனையில் ஏழு நாள் வரை இலவச உணவுக்கு வழிசெய்தது. அதற்குப் பிறகு அவளைத் தேடி வரும் ஒரே ஆள் பெரும்பாலான சிற்றூர்களில் ஆஷா பணியாளர். அவர் வந்து பார்க்கும் திட்டத்தின் பெயர் 'வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு'. தாயின் காய்ச்சலையும் உதிரப்போக்கையும் கேட்டறிவது அவர் கடமையில் அடங்கும். எடை பார்ப்பது குழந்தைக்கே. மருத்துவமனையில் இயல்பாகப் பெற்றவளின் வீட்டுக்கு மூன்றாம் நாளில் தொடங்கும் அந்த வருகை, வயிறு கீறப்பட்டவளின் வீட்டுக்கு ஏழாம் நாளில் தொடங்குகிறது. பிறகு 14, 21, 28, கடைசியாக 42.